எல்லைக்கல்லுக்கு அடியில் ஒரு மொந்தை

ஒரு காலத்தில், ஜெர்மன் பேசுகிற மலைச் சீமையில், ஹாசல்மார்க் என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் டியூக் ரைன்மார். டியூக் என்றால் பேரரசருக்கு ஒரு படி கீழே, மற்ற எல்லோருக்கும் பல படி மேலே என்று அர்த்தம். காலையில் அரண்மனை வாசலில் குதிரை ஏறினால், நாட்டின் எல்லையைத் தொடுவதற்குள் மறுநாள் பொழுது சாய்ந்துவிடும். அவ்வளவு பெரிய நாடு.

டியூக்கிடம் ஒரு பீர் மொந்தை இருந்தது. சாதாரண சுட்ட களிமண் மொந்தை. பெட்டி நிறைய வெள்ளிக் கிண்ணங்கள் இல்லாமலில்லை. அவை விருந்தாளிகளுக்கு, அதாவது டியூக்குக்குப் பிடிக்காதவர்களுக்கு. அவர் குடித்ததெல்லாம் மொந்தையில்தான். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பாதிரியார் புத்தி சொல்லிவிட்டுப் போனதும் ஒரு தடவை. அதன் பிடியில் அவருடைய கட்டைவிரல் அழுந்தி அழுந்திச் சின்னதாக ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

மொந்தைக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. டியூக் அதற்குள் வாயை வைத்தபடியே முணுமுணுப்பார். அதையெல்லாம் கேட்கும் பாக்கியம் வேறு யாருக்கும் இல்லை. இரண்டு மகன்களில் யார் மேல் அவருக்குப் பாசம் அதிகம் என்று அரண்மனையே குசுகுசுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் மேலும் சரிசமமான எரிச்சல்தான் என்பது மொந்தைக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் விலாங்கு மீனை அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, மொந்தையை நெஞ்சின் மேல் வைத்தபடியே டியூக் கண்ணை மூடினார். மொந்தை சாய்ந்து அவர் மேலேயே ஊற்றிக்கொண்டது. அதற்குத் தெரிந்த அழுகை அவ்வளவுதான். கடைசி ஜெபம் சொல்ல வந்த பாதிரியார், சட்டையெல்லாம் பீர் என்று முகம் சுளித்தார்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம். அப்பா போனால் மூத்தவனுக்கு மட்டும் பட்டம் என்கிற பேச்சே கிடையாது. எத்தனை பிள்ளைகளோ அத்தனை டியூக். பெண்பிள்ளைகளுக்கு ஒரு துணிப்பெட்டியும் ஒரு மாப்பிள்ளையும். பட்டத்தை வெட்ட வேண்டியதில்லை. நாட்டைத்தான் வெட்ட வேண்டும். அதற்கும் முறை உண்டு. மூத்தவன் கோடு போடுவான், இளையவன் தன் பங்கைப் பொறுக்குவான். குழந்தைகள் பலகாரத்தைப் பங்கு போடுகிற அதே நியாயம். பலகாரத்துக்கு அது நல்ல நியாயம்தான்.

மூத்தவர் ஹார்ட்விக் ஒரு சந்தேகப் பிராணி. இளையவர் எக்பெர்ட் அவரைத் தூக்கிச் சாப்பிடுகிற சந்தேகப் பிராணி. குளிர்காலம் முழுவதும் ஹார்ட்விக் ஆட்டுத்தோலில் எழுதிய வரைபடத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தார். தம்பி எந்தப் பக்கத்தை எடுத்தாலும் ஒரு புல்கூட அதிகமாகப் போய்விடக் கூடாது. காட்டைப் பாதியாக வெட்டினார். ஏரியைப் பாதியாக வெட்டினார். மாவு ஆலையின் சக்கரம் ஒரு நாட்டுக்கும், அரைக்கிற கல் மறு நாட்டுக்கும் போயின. இரண்டு புது நாட்டுக்கும் மேல் ஹாசல்மார்க், கீழ் ஹாசல்மார்க் என்று பெயர்; தேவாலயத்தின் பீடம் மேலே உள்ளதற்கு, மணி கீழே உள்ளதற்கு. கோடு அப்படியே கெர்லிண்ட் என்ற விதவையின் வீட்டுக்குள் புகுந்து, அடுப்பை ஒரு டியூக்குக்கும் கட்டிலை இன்னொரு டியூக்குக்கும் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக அவளுடைய பார்லி வயலுக்குப் போனது.

கோடு போட வந்தவர்களிடம் கெர்லிண்ட் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "படுத்தவ எழுந்து தண்ணி குடிக்கப் போனா, ரெண்டு பேர்ல யார்கிட்ட உத்தரவு வாங்கணும்?"

அது நியாயமான கேள்வி என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பங்கு பொறுக்குகிற நாள் வந்தது. எக்பெர்ட் வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணனின் கண் எந்தப் பக்கம் ஆசையாகப் போகிறதோ அந்தப் பக்கத்தைக் கேட்டுவிடலாம் என்று. இது தெரிந்துதான் அண்ணன் தனக்குப் பிடிக்காத பக்கத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படித்தான் செய்வார் என்பதும் தம்பிக்குத் தெரியும். வெகுநேரம் கழித்துத் தம்பி கீழ்ப் பக்கத்தைக் கேட்டார். ஏமாந்துபோனோம் என்ற முழு நிச்சயத்தோடு இருவரும் எழுந்தார்கள்.

அப்பாவின் சாமான்களும் பங்காயின. வேட்டைநாய்கள் பங்காயின. பூட்ஸ்கூடப் பங்காயிற்று, இடது கால் அண்ணனுக்கு. கடைசியில் மொந்தை வந்தது. அது எனக்கு என்றார் அண்ணன். எனக்கு என்றார் தம்பி. நாடு போனாலும் போகட்டும், மொந்தை அவனுக்குப் போகக் கூடாது என்கிற அளவுக்குப் பேச்சு தடித்தது. மொந்தை உள்ளுக்குள் பூரித்துப்போனது. தனக்காக இரண்டு டியூக்குகள் அடித்துக்கொள்வதைப் பார்க்க எந்த மொந்தைக்குத்தான் பிடிக்காது?

அங்கேதான் குன்ஸ் வாயைத் திறந்தார். குன்ஸ் எல்லைக்கல் நடுகிறவர். சத்தியம் செய்து அந்த வேலைக்கு வந்தவர். கல் நட்டால் அதன் அடியில் சாட்சி வைத்துப் புதைப்பது அவருடைய தொழில் முறை. ஓட்டுச்சில்லு, கண்ணாடித் துண்டு, அடுப்புக்கரி என்று எதையாவது. பிற்பாடு கல்லை யாராவது ஓசைப்படாமல் நகர்த்தினாலும் சாட்சி பழைய இடத்திலேயே கிடக்கும். தோண்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். டியூக்குகளின் எல்லைக்கு ஓட்டுச்சில்லு போதாது என்றார் குன்ஸ். ஒரு ஓடு போல இன்னொரு ஓடு செய்துவிடலாம். உடைந்த மொந்தையின் விளிம்பு மாதிரி இன்னொரு விளிம்பை எந்தக் குயவனாலும் செய்ய முடியாது. மொந்தையை இரண்டாக உடைத்து, ஒரு துண்டை அண்ணன் மண்ணிலும் மறு துண்டைத் தம்பி மண்ணிலும் புதைத்து, நடுவில் கல்லை நடலாம். நாளைக்கே தகராறு வந்தால் இரண்டையும் எடுத்துச் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். சேர்ந்தால் கல் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இருவருக்கும் இது மிகவும் பிடித்துப்போனது. மற்றவனுக்குக் கிடைக்கப் போவதில்லையே.

பங்குப் பேச்சுக்கு நடுவில் யாரோ மொந்தையில் ஊற்றிவைத்திருந்த பீரைக் குன்ஸ் குடித்து முடித்தார். அதை வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை. பிறகு சுத்தியலை எடுத்து, ஒரே தட்டாகத் தட்டினார்.

உடைந்ததும் மொந்தை இரண்டு ஆளாகிவிட்டது. பிடியும் வாயும் ஒரு துண்டு. அடியும் வயிறும் இன்னொரு துண்டு. பிடி எக்பெர்ட்டின் மண்ணுக்குப் போயிற்று. வயிறு ஹார்ட்விக்கின் மண்ணுக்கு வந்தது. இனி நடந்ததெல்லாம் வயிற்றின் கதை.

வயிற்றுக்குள் அதுவரை பீரைத் தவிர வேறெதுவும் போனதில்லை. இப்போது ஈர மண் போனது; மண்ணோடு ஒரு மண்புழுவும் குடிவந்தது. ஆனால் அதை வாட்டியது மண் இல்லை. ஒரு கை தூரத்தில் பிடி கிடந்தது. அதன் குரல் கேட்டது. தொட மட்டும் முடியவில்லை. நடுவில் கல்.

"கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா கல்லண்ணே?" என்று வயிறு கேட்டது. "என்னோட மறுபாதி அந்தப் பக்கம் இருக்கு."

"நான் ஒதுங்கினா ரெண்டு நாடு ஒதுங்கும்," என்றது கல். "நான் யாருன்னு நினைச்சே?"

"போன வாரம் வரைக்கும் ஆத்துல மிதிபட்டுக் கிடந்த கல்லுன்னு நினைச்சோம்," என்று மறுபுறமிருந்து பிடி சொன்னது. பிடிக்கு எப்போதுமே கொஞ்சம் துடுக்கு.

உண்மைதான். ஆற்றைத் தாண்டுகிறவர்கள் கால் வைக்க வசதியாகக் கிடந்த கல்தான் அது. அதன் ஒரு முகத்தில் அண்ணனின் சின்னமாகக் கரடியும் மறு முகத்தில் தம்பியின் சின்னமாகக் கழுகும் செதுக்கி, இரண்டு நாட்டுக்கும் நடுவில் நிறுத்தியதிலிருந்து அதற்கு நிலைகொள்ளவில்லை. இரண்டு டியூக்குகளையும் தாங்கி நிற்பதே தான்தான் என்று நினைத்துக்கொண்டது. தகராறு வருகிற வரைக்கும் உங்களுக்கு வெளிச்சம் கிடையாது, பேசாமல் கிடக்க வேண்டியதுதான் என்று கீழே பார்த்து அதட்டியது.

அந்த அதட்டலில்தான் வயிற்றுக்கு வழி தெரிந்தது. தகராறு வந்தால் தோண்டுவார்கள். தோண்டினால் சேர்ப்பார்கள். ஊரெல்லாம் சமாதானத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்க, மண்ணுக்கு அடியில் இரண்டு துண்டுகள் மட்டும் சண்டைக்கு வேண்டிக்கொண்டன.

சண்டை வரவில்லை. டியூக்குகளுக்கு வேறு வேலை இருந்தது. அவ்வப்போது தேவாலய மணி ஊரே அதிர அடிக்கும். மேலிருந்து கல் சேதி சொல்லும்: மேல் அரண்மனையில் ஆண்பிள்ளை. அடுத்த வருஷம் கீழ் அரண்மனையில் ஆண்பிள்ளை. மறுபடியும் மேலே. மறுபடியும் கீழே. பிள்ளை பெறுவதிலும் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. வயிறு இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அதற்குப் பிடியைத் தவிர வேறு நினைப்பில்லை. அதை இப்போது சொல்லும்போது எனக்கே கோபம் வருகிறது. கொஞ்சமாவது காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

வருஷங்கள் போயின. ஒரு குளிர்காலத்தில் வயிறு கல்லிடம் வேறு மாதிரி பேச்சுக் கொடுத்தது.

"உங்களைப் பார்க்க யாரெல்லாம் வர்றாங்க கல்லண்ணே?"

கல் யோசித்தது. "மாடு வரும்."

"மாடா? எதுக்கு?"

"முதுகு சொறிய," என்றது கல், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

"அடப்பாவமே. ரெண்டு டியூக்குகளைத் தாங்குறவரு. நீங்க லேசா ஒரு பக்கம் சாஞ்சு பாருங்க. ரெண்டு பேரும் குதிரை மேல வந்து, இறங்கி, குனிஞ்சு, உங்க காலடியையே பார்ப்பாங்க."

 நான் நேர்மைக்குப் பேர்போனவன் என்று கல் அரை மனதோடு முனகியது. ஆனால் அன்றைக்கு முழுக்க அது பேசவே இல்லை. பேசாத கல்லின் மனதில் ஆசை புகுந்துவிட்டது என்று வயிற்றுக்குப் புரிந்தது. அந்த வருஷம் உறைபனி கடுமை. மண் வீங்கியது, பனி உருகியதும் தொளதொளத்தது. கல் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, தம்பி பக்கமாகத் தலையைச் சாய்த்தது. ஒரு சாண்தான். ஒரு சாண் போதும்.

ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்தார்கள். சேதி இரண்டு அரண்மனைக்கும் ஓடியது. ஹார்ட்விக் சட்டம் படித்தவர் ஒருவரை வரவழைத்தார். கல்லின் தலை எங்கே இருக்கிறதோ அதுவரை நம்முடைய நிலம் என்றார் அவர். எக்பெர்ட்டும் ஒருவரை வரவழைத்தார். கல் உங்களைப் பார்த்துத் தலைவணங்கியிருக்கிறது, ஆகவே கல்லுக்குப் பின்னால் இருப்பதும் உங்களுக்குப் பணிந்துவிட்டது என்றார் இவர். இரண்டு பேரும் ஒரே ஊரில் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள்.

கோடையில் படைகள் வந்தன. நாடு பாதியானதால் படையும் பாதிதான். இரண்டு பக்கமும் மாமனார் வீட்டிலிருந்து குதிரைகளை இரவல் வாங்கியிருந்தார்கள். எல்லைக்கல்லைச் சுற்றி நிற்க இடம் போதாமல், கெர்லிண்டின் பார்லி வயலுக்குள் இறங்கினார்கள். மண்ணுக்கு அடியில் வயிற்றுக்குக் குளம்புச் சத்தம் திருவிழாச் சத்தமாகக் கேட்டது. வந்துட்டாங்க, வந்துட்டாங்க என்று பிடியைக் கூப்பிட்டுச் சொன்னது.

அப்போதுதான் இன்னொரு குரலும் மண்ணுக்குள் இறங்கியது. கெர்லிண்ட் குதிரைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"கதிர் முத்தி நிக்குது," என்றாள். "நான் அறுத்து முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்குங்க. அப்புறம் வந்து நிம்மதியா வெட்டிக்கிட்டுச் சாகுங்க."

 பதிலுக்குக் குதிரைகள் கதிரைத் தின்ன ஆரம்பித்தன. வயிற்றுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பீர் எதிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாதா என்ன? பார்லியிலிருந்துதான். ஆனாலும், ஒருத்தியின் ஒரு வருஷப் பயிர் போனால் போகட்டும், எனக்கு என் பிடி வேண்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டது. பக்கத்தில் கல் இருந்ததால் அது சுலபமாக இருந்தது.

முதல் ஈட்டி நீளுவதற்குள் குன்ஸ் வந்து சேர்ந்தார். இப்போது அவருக்கு முதுகு கூனியிருந்தது. தோண்டிப் பார்க்காமல் வெட்டிக்கொண்டால் சத்தியம் செய்து நட்ட கல்லுக்கு என்ன மரியாதை என்று சத்தம் போட்டார். இரண்டு பக்கமும் யோசித்தார்கள். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. தோண்டச் சொன்னார்கள்.

மண்வெட்டி நெருங்கியது. வெளிச்சம் வந்தது. குன்ஸின் கை வந்தது. அவர் உள்ளே இருந்த மண்ணை விரலால் வழித்துப்போட்டு, மண்புழுவைப் பத்திரமாகப் புல்லில் விட்டுவிட்டு, தன் சட்டையில் துடைத்தார். மறுபக்கத்திலிருந்து பிடியை எடுத்தார். இரண்டு விளிம்பையும் பார்த்துப் பார்த்துக் கிட்டே கொண்டுவந்தார்.

சேர்ந்தது. ஒரு மயிரிழைகூட விலகாமல் அப்படியே பொருந்திக்கொண்டது. கல் ஒரு சாண் சாய்ந்திருந்தாலும் அடி அசையவில்லை. எல்லை எல்லையாகத்தான் இருந்தது.

வயிற்றுக்கு அந்த நிமிஷம் வேறெதுவும் தேவைப்படவில்லை. இத்தனை வருஷம் குரலாக மட்டும் இருந்த பிடி இப்போது தன் மேலேயே இருந்தது. இரண்டும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே மொந்தை தனக்குத்தானே என்ன பேசும்?

டியூக்குகள் இருவரும் குதிரையிலிருந்து இறங்கி வந்தார்கள். ஹார்ட்விக் மொந்தையைக் கையில் வாங்கினார். பிடியில் இருந்த பள்ளத்தில் அவர் கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. அவர் சற்று நேரம் அதையே பார்த்துவிட்டு, துண்டு விலகாமல் இரண்டு கையாலும் பிடித்து, தம்பியிடம் கொடுத்தார்.

"அப்பாவோட விரலு, பாரு," என்றார்.

எக்பெர்ட்டும் விரலை வைத்துப் பார்த்தார். அவருக்கும் பொருந்தியது. "ஆமாண்ணே," என்றார். அவர் அண்ணே என்று சொல்லிப் பல வருஷமாகியிருந்தது. அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்ததை வயிறு கவனித்தது.

கெர்லிண்ட் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிர் போன ஆத்திரம் போகவில்லை. ஆனாலும் நல்ல மொந்தையை உடைந்ததாகப் பார்க்க அவளுக்கு ஆகாது.

"வீட்ல பைன் பிசின் இருக்கு," என்றாள். "காய்ச்சி ஒட்டிட்டா ஒரு சொட்டு ஒழுகாது. மாத்தி மாத்திக் குடிச்சுக்கலாம். அதுக்காகவாவது ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போவீங்க."

ஒட்டு, ஒட்டு என்று வயிறு மன்றாடியது. எக்பெர்ட் தலையை ஆட்ட ஆரம்பித்தார். உண்மையாகவே ஆரம்பித்தார்.

அப்போது ஹார்ட்விக்கின் மூத்த மகன் முன்னால் வந்து தொண்டையைக் கனைத்தார். மீசை முளைத்து, சொந்தமாக ஒரு குதிரையும் வைத்திருந்த மகன். அவருக்குப் பின்னால் அவருடைய தம்பிகள் வரிசையாக நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் எக்பெர்ட்டின் பிள்ளைகள் ஒரு வரிசை.

"அப்பா," என்றார் மகன், மிகவும் மரியாதையாக. "நாளைக்கு நாங்க பங்கு பிரிக்கும்போது, எங்க எல்லைக்கல்லுங்களுக்கு அடியில எதை வைக்கிறது?"

இரண்டு டியூக்குகளும் பிள்ளைகளை ஒரு தடவை பார்த்தார்கள். பிறகு மொந்தையைப் பார்த்தார்கள். முகங்கள் மாறின. கண்ணில் இருந்த ஈரம் வற்றி, கணக்குப் பார்க்கிற பார்வை வந்துவிட்டது. எவ்வளவு வருஷம் மண்ணில் கிடந்தும் இம்மி பிசகாமல் பொருந்துகிறதே என்றார் அண்ணன். இதைவிட நம்பகமான சாட்சி எங்கே கிடைக்கும் என்றார் தம்பி. தாத்தாவின் சொத்து எல்லாப் பேரனுக்கும் போய்ச் சேர்ந்த மாதிரியும் இருக்கும் என்றார் அண்ணன். இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. சட்டம் படித்தவர்கள் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். படைகளில் சந்தோஷக் கூச்சல் எழுந்தது. பாதிரியார் இந்தச் சமாதானத்தை ஆசீர்வதித்தார்.

குன்ஸிடம் சுத்தியலைக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"இப்பதானே சேர்ந்துச்சு, பிரபுவே," என்றார்.

"சேருதுன்னு தெரிஞ்சதாலதான்யா உடைக்கச் சொல்றோம்," என்றார் ஹார்ட்விக்.

வழக்கப்படி மூத்தவர் உடைத்தார், இளையவர் துண்டுகளைப் பொறுக்கினார். அந்தச் சுத்தியலை எங்கே இறக்கினால் தம்பிக்கு ஒரு சில்லுகூட அதிகமாகப் போகாது என்று ஹார்ட்விக் வெகுநேரம் குறி பார்த்தார். பேரப்பிள்ளைகள் வரைக்கும் போதுமான அளவுக்கு மொந்தை தூளானது.

சாய்ந்த கல்லை யாரும் அதற்குப் பிறகு நம்பவில்லை. உருட்டிக்கொண்டுபோய் ஆற்றிலேயே போட்டார்கள். ஜனங்கள் பழையபடி அதன் மேல் கால் வைத்துத் தாண்டினார்கள். அது இரண்டு நாட்டைத் தாங்கியபோது செய்ததைவிட இப்போது செய்தது உபயோகமான வேலை. ஆனால் கல் அதை அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

ஹார்ட்விக் போனார். எக்பெர்ட் போனார். பிள்ளைகள் பங்கு போட்டார்கள். பிள்ளைகளின் பிள்ளைகளும் போட்டார்கள். நாடு துண்டாகத் துண்டாக, டியூக்குகளின் பெயர் மட்டும் நீண்டுகொண்டே போனது. கையைவிட்டுப் போன நிலத்தின் பெயரையெல்லாம் அவர்கள் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டார்கள். விருந்தில் ஒரு டியூக்கின் முழுப் பெயரையும் அறிவித்து முடிப்பதற்குள் சூப் ஆறிப்போய்விடும். கெர்லிண்டின் பேத்தி அதே வீட்டில் குடியிருந்தாள். அவளுடைய ஜன்னல் ஒரு டியூக்குக்குச் சொந்தம். அதன் வழியாக வந்த வெயில் இன்னொரு டியூக்குக்குச் சொந்தம். வயல் முழுக்க எல்லைக்கல்லாக நின்றதால், பார்லியை இடுக்கில் பார்த்து விதைத்தாள்.

வயிறு என்று இருந்ததில் இப்போது மிச்சம் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சில்லு. அது ஒரு குட்டிக் கல்லின் அடியில் கிடந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் பிடியிலிருந்து வந்த சில்லு ஒன்று கிடந்தது. தற்செயலாக வந்து சேர்ந்ததுதான். அதில் அந்தப் பள்ளத்தில் பாதி இன்னும் இருந்தது. வயிறு அதன் குரலைக் கேட்ட உடனே கண்டுகொண்டது. பிடிக்குத்தான் சரியாக ஞாபகமில்லை. உடைந்து உடைந்து அதற்குப் பாதி மறந்துபோயிருந்தது.

ஒருநாள் பிடி மெதுவாகச் சொன்னது. "எனக்கு ஒரு யோசனை. இந்தக் கல்லைக் கொஞ்சம் சாயச் சொல்லலாமா? தகராறு வந்தா நம்மளத் தோண்டி எடுத்துச் சேர்ப்பாங்க. ஒரு நிமிஷமாவது சேர்ந்திருப்போம்."

வயிற்றுக்கு அந்த நிமிஷம் வேண்டும்போல்தான் இருந்தது. அதற்கு வேறு ஆசை எப்போதும் இருந்ததில்லை. குட்டிக் கல்லும் இளசு. ஒரு வார்த்தை சொன்னால் சாய்ந்துவிடும். சொல்லலாம் என்று வாயெடுத்தது.

அப்போது மேலே ஒரு சத்தம் கேட்டது. கிரீச், கிரீச் என்று மரம் உரசுகிற சத்தம். அந்த நாட்டில் இப்போது டியூக் குதிரை ஏறுவதற்குள் எல்லை வந்துவிடும். எல்லைக்கல் அவர் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே நின்றது. ஆகவே உள்ளே நடப்பதெல்லாம் மண்ணுக்குள் துல்லியமாகக் கேட்கும். வயிறு இந்தத் தடவை காதைக் கூர்மையாக்கிக் கேட்டது. டியூக் வீட்டில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்று இல்லை. இரட்டைப் பிள்ளைகள்; நாளைக்கு இன்னொரு பங்கு, இன்னொரு சுத்தியல்.

"என்ன, சொல்லட்டுமா?" என்றது பிடி.

"வேண்டாம்," என்றது வயிறு. பிறகு அந்தச் சின்னச் சில்லு தன்னால் முடிந்த மட்டும் நகர்ந்து, குட்டிக் கல்லின் அடியில் போய் முட்டுக் கொடுத்து, அது சாய்ந்துவிடாமல் நேராக நிறுத்திப் பிடித்துக்கொண்டது.